பென்சில் ஸ்கோரும் மெய்நிகர் வாத்தியங்களும்: மூன்று ஆண்டு அனுபவம்

மாணவப் பருவத்தில் நான் பென்சிலால் எழுதிய 26 பக்க ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக் குறிப்பு) அது. யாரும் வாசித்ததில்லை; நானும் கேட்டதில்லை. மூன்று ஆண்டுகளாக, நிஜ வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் தொகுப்புகளான சாம்பிள் லைப்ரரிகளின் துணையோடு அதை ஒலிக்கச் செய்துவருகிறேன்.

இசைக் குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4-இல் சுரங்களை உள்ளிட்டபோதே முதல் தவறு நேர்ந்தது. எஃப் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம், எழுதிய சுரத்தைவிட ஏழு அரைச்சுரம், அதாவது ஒரு பஞ்சமம், கீழே ஒலிக்கும். தாளில் இருந்ததை அப்படியே ஒலிக்கும் சுருதியாக உள்ளிட்டுவிட்டேன். நான்கு ஹார்ன்களும் பஞ்சமம் மேலே ஏறி நின்று கத்தின. பழைய ஸ்கோரை எடுப்பவர்கள் எழுதியதிலிருந்து மாறி ஒலிக்கக்கூடிய கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட் வரிகளை முதலில் சரிபாருங்கள்.

பெரும்பாடு அதற்குப் பிறகுதான். தாளில் ‘வலுக்கவும்’ என்பதற்கு ஒரு விரிகோடு போதும். கணினியில் அந்தக் கோட்டை நாமே வாசிக்க வேண்டும். நீண்ட சுரங்களுக்குக் கீபோர்டின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் பெரும்பாலான லைப்ரரிகளில் பயனில்லை; இடது கையால் கீபோர்டில் உள்ள மாடுலேஷன் சக்கரத்தை 0 முதல் 127 வரை மெல்ல நகர்த்தினால்தான் வில்லுக்கு உயிர் வருகிறது. மவுஸால் வரைந்த வளைவு எனக்கு ஒருபோதும் நிறைவளிக்கவில்லை. லெகாட்டோ (இடைவெளியின்றி இணைந்து ஒலிக்கும்) சுரங்கள் சற்றுத் தாமதமாகவே பேசும். அவற்றைத் தாளத்துக்கு முன்னால் நகர்த்திவைக்கப் பொறுமை வேண்டும்.

இன்னொன்று: 16 வயலின்கள் சேர்ந்து பதிவான சாம்பிளில் இரண்டு சுரங்களை ஒன்றாக அழுத்தினால் 32 வயலின்கள் ஒலிக்கும். வயலின் வரி இரண்டாகப் பிரியும் இடங்களில் என் மென்மையான பகுதி திடீரெனப் பருத்தது இதனால்தான். அங்கெல்லாம் சிறிய குழுவின் சாம்பிளை மாற்றிவைத்தேன்.

புல்லாங்குழல் எனக்குப் பாடமே எடுத்தது. நிமிடத்துக்கு 60 துடிப்பு வேகத்தில், நாலு துடிப்பு கொண்ட எட்டு பார்களை (தாளக் கட்டங்களை) இடைவெளியே இல்லாமல் எழுதியிருக்கிறேன். 32 வினாடி! மெய்நிகர் குழல் அசராமல் வாசித்துவிட்டது. கேட்ட எனக்குத்தான் மூச்சு முட்டியது. நான்காவது பாரின் கடைசிச் சுரத்தைப் பாதியாகக் குறைத்து மூச்சுக்கு இடம் கொடுத்தேன். வரி உடனே பாடத் தொடங்கிவிட்டது.

டிம்பனி முரசு, ஹார்ப், பிட்சிகாட்டோ (தந்தியை விரலால் மீட்டுவது) இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தனியாக ஒலிக்கும் ஓபோ என்ற ஊதுவாத்தியம்தான் கடைசிவரை இணங்கவில்லை. மூன்று லைப்ரரிகளை மாற்றிப் பார்த்த பின், தெரிந்த கலைஞர் ஒருவரை வாசிக்கச் சொல்லி ஒரே மைக்கில் பதிவு செய்தேன். அந்த ஒரு வரி சேர்ந்ததும் அதைச் சுற்றியிருந்த சாம்பிள் வயலின்களே வேறு மாதிரி ஒலித்தன. அடுத்து, முதல் வயலின் வரியின் மேல் ஒரு நிஜ வயலினைச் சேர்க்கப்போகிறேன்.