ஜூம் வகுப்பா, வகுப்பறையா, ஒரு போன் காலா?

ஆன்லைன் வகுப்பையும் நேரடி வகுப்பையும் ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டிலும் சேருகிறவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், பக்கத்தில் கல்லூரி இல்லாதவர், கைக்குழந்தையோடு இருப்பவர் எல்லாம் ஆன்லைனுக்குப் போவார்கள். அவர்களுடைய மதிப்பெண் குறைந்தால் அதற்குத் திரை காரணமா, சூழ்நிலை காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

அப்படி ஒன்று அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 2020இன் பிற்பகுதியில் நடந்தது. பொருளாதார அறிமுகப் பாடம், 551 மாணவர்கள். குலுக்கலில் ஒரு பகுதியினர் ஆன்லைனுக்கும் மற்றவர்கள் வகுப்பறைக்கும் போனார்கள். இரண்டு பக்கமும் பாடம் எடுத்தவர்கள் அதே ஆசிரியர்கள். மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிப்பவர்கள் என்பதால் நெட் இல்லை, லேப்டாப் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் ஆன்லைன் பிரிவின் இறுதி மதிப்பெண் 0.215 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) குறைந்தது. நூறு பேரில் 50ஆவது இடத்தில் இருக்க வேண்டியவர் கிட்டத்தட்ட 58ஆவது இடத்துக்கு இறங்குகிற அளவு அது. ஏற்கெனவே படிப்பில் பின்தங்கியிருந்தவர்களிடம்தான் சரிவு அதிகம். கவனம் நிற்கவில்லை, ஆசிரியரோடும் சக மாணவர்களோடும் ஒட்டுதல் இல்லை என்று மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். நெதர்லாந்தில் 2020இல் பள்ளிகள் மூடியிருந்தது வெறும் எட்டு வாரம். வீட்டுக்கு வீடு நல்ல பிராட்பேண்ட் இருக்கிற நாடு. ஆனாலும் பிள்ளைகள் இழந்தது ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய மூடியிருந்த காலம் முழுவதும். பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல்.

சரி, இரண்டையும் கலந்து நடத்தினால்? பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் கலப்பு முறைதான் முன்னால் வந்தது. ஆனால் அதில் பல இடங்களில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன. அந்த அறிக்கையே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. எனவே அந்த வெற்றியைத் திரையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

திரையே பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பின் மையங்களில் நடத்திய ஆய்வில், நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் முன்னேற்றம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று அது பார்ப்பதில்லை. எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குகிறது. கூடவே சிறு குழுவுக்கு உதவ ஓர் ஆளும் இருந்தார்.

என்னை மிகவும் கவர்ந்தது போட்ஸ்வானா ஆய்வு. 2020இல் அங்கே சுமார் 4,500 குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்எம்எஸ்ஸில் போகும். இன்னொரு பிரிவுக்கு அதே எஸ்எம்எஸ், அதோடு 15 - 20 நிமிடப் போன் கால். பெற்றோர் ஸ்பீக்கரில் போட, பிள்ளை ஆசிரியரோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போடும். ஸ்மார்ட்போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். எஸ்எம்எஸ் மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. கால் வந்த வீடுகளில் 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம். அப்புறம் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஐந்து நாடுகளில் செய்து பார்த்தபோது போன் காலின் பலன் இன்னும் கூடுதலாக வந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்தபோது, 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். மூடியிருந்த காலம் முழுக்கக் கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலையில் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் வேலை அது.

ஆக, பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சிறு பிள்ளைகளுக்கு வகுப்பறைக்கு ஈடு இல்லை. தானே உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வந்துவிட்டவர்களுக்கும், வேறு வழியே இல்லாதவர்களுக்கும் ஆன்லைன் சரிப்படும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மாதிரியான அடிப்படைகளுக்குப் போன் கால் போதும். அதைத் தாண்டிய பாடத்துக்கு அது போதாது.

மழை விடுமுறையில் 40 பிள்ளைகளைக் கேமராவை அணைத்து வைத்து ஜூமில் உட்கார வைக்கிற பள்ளிகள் இதை யோசிக்கலாம். அந்த ஆசிரியர் அதே இரண்டு மணி நேரத்தில் ஆறேழு பிள்ளைகளைத் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேச முடியும். வகுப்பு முழுவதையும் சுற்றி வர ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கே தெரியும்.