எட்டுக்கு நாலு பிளைவுட்டை வீட்டில் அறுக்க: மார்பிள் கட்டரா, சர்குலர் சாவா, டேபிள் சாவா?

டிரில் மெஷின் வந்தாயிற்று. உளி, சுத்தியல், மூலைமட்டம் எல்லாம் சேர்ந்தாயிற்று. அடுத்து ஒரு புத்தக அலமாரி செய்யலாம் என்று பிளைவுட் வாங்கிவந்து கார் ஷெட்டில் சாய்த்து வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: இதை எதை வைத்து அறுப்பது? எட்டடிக்கு நாலடிப் பலகை, முக்கால் இன்ச் கனம், எடை முப்பது கிலோவுக்கு மேல். எட்டடி நீளத்துக்கு ஒரு நூல்கூட விலகாமல் கைரம்பத்தால் அறுக்க, பல வருடம் பழகிய ஆசாரியால்தான் முடியும். நமக்கு மெஷின் வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் இதற்கு மூன்று மெஷின்கள் கிடைக்கின்றன. மூன்றையும் வைத்து அறுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

அது நாலு இன்ச் மார்பிள் கட்டர். இன்டீரியர் வேலைக்கு வரும் கார்பெண்டர்கள் பலர் கையில் இருப்பது இதுதான். கல் அறுக்கும் வைர பிளேடைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த மர பிளேடை மாட்டிக்கொள்வார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், டைல்ஸ் வேலைக்கும் ஆகும். அவர்கள் அறுப்பதைப் பார்த்துத்தான் நானும் முதலில் அதை வாங்கினேன். இரண்டாவது பலகையிலேயே பிளேடு இறுகிக்கொண்டு மெஷின் பின்பக்கமாகத் துள்ளியது. பலகையின் மேல் ஓரடிக்குக் கீறல் விழுந்தது. என் இடது கை அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

அது என் கை பழகாததால் மட்டும் நடந்ததல்ல. வைர பிளேடுக்குப் பல் கிடையாது. அது கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழி உண்டாக்குகிறது, அதனால் எதையும் கவ்வி இழுப்பதில்லை. அந்தத் தேய்ப்புக்காகவே மெஷினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 சுற்று சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். அதே வேகத்தில் 110 மில்லிமீட்டர் மர பிளேடு சுற்றினால், பல்லின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிளைவுட் லேசாக வளைந்து பிளேடை நெருக்கினாலே போதும், பல் கவ்விக்கொள்ளும். மூடி மேல்பக்கம் மட்டும்தான். கீழே பிளேடு எப்போதும் திறந்தே கிடக்கும், கையை எடுத்த பிறகும் சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். பல மாடல்களில் சுவிட்சை அழுத்தியபடியே பூட்டிவைக்கும் பொத்தான் வேறு உண்டு. மெஷின் கையை விட்டு நழுவினாலும் ஓட்டம் நிற்காது. இதையெல்லாம் தாண்டி அன்றாடம் வேலை செய்யும் கார்பெண்டர்களின் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வாரக் கடைசியில் மட்டும் மெஷினைத் தொடும் நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அறுக்கும் ஆழமும் ஒன்றேகால் இன்ச்சுக்குச் சற்று மேல்தான், கனமான சட்டம் எதுவும் அறுபடாது.

கையில் பிடித்து ஓட்டும் வட்டரம்பமான சர்குலர் சா இதன் பெரிய அண்ணன்போலத் தெரியும், ஆனால் மரத்துக்கென்றே பிறந்த மெஷின். ஏழேகால் இன்ச் பிளேடு, சுமார் 5,500 சுற்று. பிளேடு பெரிதாக இருந்தும் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில்தான் நிற்கிறது. இரண்டரை இன்ச் வரை ஆழம் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் கீழ் மூடி. பலகைக்குள் நுழையும்போது தானாக விலகும், வெளியே வந்ததும் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். நல்ல கம்பெனி மெஷினுக்கு மார்பிள் கட்டரைப்போல இருமடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மூடிக்காகவே கொடுக்கலாம்.

சரி, மேசைக்குள் பிளேடு பொருத்திய டேபிள் சா? நேர்த்தி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கப் பட்டையை பிளேடிலிருந்து இரண்டு இன்ச்சில் வைத்துப் பூட்டிவிட்டால் இருபது ரீப்பரும் (குறுகலான மரச்சட்டம்) அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் வரும். சர்குலர் சாவால் குறுகலான பட்டை எடுப்பது சிரமம், மெஷின் உட்கார இடமே இருக்காது. ஆனால் முழுப் பலகை என்று வரும்போது கதை மாறுகிறது. டேபிள் சாவில் ரம்பம் நிற்கிறது, பலகைதான் நகர வேண்டும். எட்டடிப் பலகையை நீளவாக்கில் தள்ள, மெஷினுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நாம் நிற்க இடம் என்று பதினெட்டு அடியாவது வேண்டும். நம் வீட்டுக் கார் ஷெட் எத்தனை அடி? முப்பது கிலோ பலகையை ஒற்றை ஆளாகத் தள்ளும்போது சற்றுக் கோணலானாலும் அது ஆளை நோக்கித் திரும்பிப் பாயும். அறுபட்ட வெட்டு மூடி பிளேடை நெருக்காமல் தடுக்க பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தியைக் கழற்றிவிட்டு இதில் வேலை செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கரண்டும் பார்க்க வேண்டும். 1,800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஃபேன், லைட் போடும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். (1,400 வாட் சர்குலர் சாவுக்கும் அதுவே நல்லது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்தால் மோட்டார் திணறும்.)

ஆகவே இடம் குறைந்த வீட்டில் என் தேர்வு சர்குலர் சாதான். பலகை அசையாமல் கிடக்கிறது, ரம்பம் அதன்மேல் நகர்கிறது. தரையில் இரண்டு இன்ச் தெர்மாகோல் தாள் விரித்து அதன்மேல் பலகையைப் போட்டு, பிளேடின் ஆழத்தைப் பலகை கனத்தைவிட இரண்டு நூல் (கால் இன்ச்) அதிகமாக வைத்தால் போதும். அறுபட்ட துண்டு தொங்கி பிளேடை நெருக்காது.

நேர்க்கோடு வருமா என்று கேட்பார்கள். வெறும் கையால் வராது. வழிகாட்டிப் பலகை ஒன்று செய்துகொள்ள வேண்டும், அரைநாள் வேலை. எட்டடி நீளத்தில் ஓரடி அகலம் 6 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்து, அதன்மேல் 12 மில்லிமீட்டர் பட்டை ஒன்றைப் பெவிகால் போட்டு ஒட்டுங்கள். பட்டையின் கம்பெனியிலேயே வெட்டி வந்த நேரான ஓரம் மெஷின் ஓடும் பக்கம் பார்த்திருக்கட்டும். பசை காய்ந்ததும் மெஷினின் அடித்தகட்டை அந்த ஓரத்தில் அணைத்தபடி ஒருமுறை ஓட்டினால், அடியிலுள்ள மெல்லிய பலகையின் மிச்சம் அறுபட்டு விழும். அப்புறம் அந்த விளிம்பு இருக்கும் இடம்தான் பிளேடு போகும் இடம். பென்சில் கோட்டில் விளிம்பை வைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு ஓட்டினால் முடிந்தது. பிளேடு மாற்றினால் மட்டும் அகலத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கா ஒட்டிய பலகைக்கு ஒரு விஷயம் மறக்கக் கூடாது. சர்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறி அறுக்கிறது, சிலும்பல் மேல்பக்கம் விழும். அதனால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். டேபிள் சாவில் பல் மேலிருந்து இறங்குவதால் நல்ல முகம் மேலே. மெஷினோடு வரும் 24 பல் பிளேடு வேகமாக அறுக்கும், ஆனால் ஓரத்தைப் பிய்க்கும். பிளைவுட்டுக்கு 40 அல்லது 60 பல் பிளேடு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு அலமாரிதான் செய்வீர்கள் என்றால் எந்த மெஷினும் தேவையில்லை. பேனல் சா (முழுப் பலகையை அறுக்கும் பெரிய மெஷின்) வைத்திருக்கும் பிளைவுட் கடையில் அளவு எழுதிக் கொடுத்தால் வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அறுத்துத் தருவார்கள். வளைவாக அறுக்க மட்டும் ஜிக்சா வேண்டும், அது இந்தப் போட்டியிலேயே சேராது.

மெஷினுக்கான பணத்தில் கொஞ்சம் ஒதுக்கிக் காதுமூடி, கண்ணாடி, என்95 மாஸ்க் மூன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சேர்த்திருக்கிறது. மூடிய அறையில் அறுக்காமல் ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள். என் பழைய மார்பிள் கட்டரில் இப்போது வைர பிளேடுதான் இருக்கிறது. போன மாதம் குளியலறை டைல்ஸுக்கு அதைத்தான் எடுத்தேன், அருமையாக அறுத்தது.