பாக்கெட் பரோட்டாவா, கடைப் பரோட்டாவா?

சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் பரோட்டா இரண்டு இடத்தில் கிடைக்கிறது. பால், தயிர் அடுக்கியிருக்கும் கண்ணாடி ஃப்ரிட்ஜில் ஒன்று, ஐஸ்கிரீம் பக்கத்து ஃப்ரீசரில் இன்னொன்று. இரண்டும் ஒரே சரக்கு இல்லை. ஃப்ரிட்ஜில் இருப்பது பாதி வெந்தது. ஃப்ரீசரில் இருப்பது பெரும்பாலும் தட்டி உறைய வைத்த பச்சை மாவு.

பாதி வெந்ததை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கல்லில் போட்டால் நிறம் வரும், அடுக்கு வராது. வெந்த மாவில் உள்ள ஸ்டார்ச் ஆறியதும் மறுபடி இறுகத் தொடங்கும். அது வேகமாக இறுகுவது ஃப்ரிட்ஜ் குளிரில்தான், -18 டிகிரியில் அல்ல. கல்லின் சூட்டில் கொஞ்சம் இளகினாலும் பாதி சாப்பிடுவதற்குள் இழுவையாகிவிடும். வாங்கியாகிவிட்டதா? பிய்த்துப் போட்டு முட்டை, வெங்காயத்தோடு கொத்திவிடுங்கள். கொத்துப் பரோட்டாவில் எந்தக் குறையும் தெரியாது.

ஃப்ரீசர் பரோட்டா நன்றாக வரக்கூடியது. ஆனால் நான் முதலில் வாங்கியது பெரிய ஏமாற்றம். வழியில் எங்கோ இளகி, திரும்ப உறைந்த பாக்கெட் அது. நடுவில் வைத்த பிளாஸ்டிக் தாள் மாவோடு ஒட்டிக்கொண்டு உரிய மறுத்தது. கல்லில் போட்டதும் சப்பாத்தியும் இல்லாமல் பரோட்டாவும் இல்லாமல் ஒரு தடிப்பான வட்டம். அடுக்குக்கு நடுவே இருக்கும் கொழுப்பும் மாவும் கலந்துவிட்டால் ஆவி எதைத் தூக்கும்? அதனால் வாங்கும்போதே பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். உள்ளே பனித்தூள் நிறைய உதிர்ந்து கிடந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சமைக்கும்போது இளக விடாமல், உறைந்தபடியே காய்ந்த கல்லில் போட்டு மிதமான தீயில் வேக விட வேண்டும்.

அப்புறம், அடி. கடையில் மாஸ்டர் நாலைந்தை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடிப்பது சும்மா சத்தத்துக்கு இல்லை. சூட்டோடு அடித்தால்தான் அடுக்கு பிரியும். வீட்டிலும் இதைச் செய்தால் பாக்கெட் பரோட்டா பாதி தூரம் தேறிவிடும். கை சுட்டால் துணியில் சுற்றி அடிக்கலாம்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2020-இல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. சாப்பிடும் முன் சூடாக்க வேண்டியிருப்பதால் அது ரொட்டி வகையில் சேராதாம்! 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் 5 சதவீதம் போதும் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரியும் இல்லை.

கடைப் பரோட்டாவில் எண்ணெய் தாராளம். பார்சல் கட்டினால் ஆவியில் கொஞ்சம் தொய்ந்துபோகும். ஆனாலும் எண்ணெயில் ஊறிய மாவைக் காற்றில் வீசி மெலிதாக்கிச் சுருட்டும் அந்தக் கைக்கு ஃபேக்டரி மெஷின் இன்னும் ஈடாகவில்லை. போதாததற்குச் சால்னா. பாக்கெட்டில் அது கிடையாது, வீட்டுக் குருமா அந்த இடத்துக்கு ஒத்துவராது. சால்னா மட்டும் கேட்டால் கடைக்காரர் முறைப்பார், கூடவே நாலு பரோட்டாவும் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஃப்ரீசரைத் திறக்க என்ன வேலை?