எச்சரிக்கை: ‘1000 டீனியர்’ என்ற எழுத்தை நம்பி ரேஞ்ச் பை வாங்காதீர்கள், அடியையும் பிடியையும் பாருங்கள்

சுடுதளத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பைகளைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விளம்பரத்தில் கெட்டித் துணி, ராணுவத் தரம், தண்ணீர் புகாது, பூட்டலாம் என்று நாலு வரி. கைக்கு வரும்போது பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. சில மாதம் போனதும் கைப்பிடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், துணி மட்டும் புதுசாகவே இருக்கும். விற்றவரிடம் கேட்டால், “அதிகச் சுமை ஏற்றியிருக்கிறீர்கள், உத்தரவாதத்தில் வராது” என்பார்கள்.

அப்படிப் போன பையைத் தையல் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கைப்பிடி நுனியில் ஒற்றை வரிசைத் தையல், ஓரத்தில் அரை சென்டிமீட்டர்கூட மடிப்பு இல்லாத துணி, அடியில் அட்டை. விற்கிறவர்கள் துணியைப் பற்றியே பேசுவதற்குக் காரணம், தையலைப் பற்றிப் பேச அவர்களிடம் ஒன்றும் இல்லை என்பதுதான்.

முதலில் அந்த ‘அதிகச் சுமை’க்குக் கணக்குப் போடுவோம். 9 மி.மீ. தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம். 50 தோட்டாப் பெட்டி 600 கிராம். ஒரு பயிற்சிக்கு 300 தோட்டா என்றால் 3.6 கிலோ. இரண்டு கைத்துப்பாக்கி ஏறக்குறைய 2 கிலோ. ஆறு காலி மேகசின் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக்கூடு), காதுக் கவசம், கண்ணாடி, துடைப்புச் சாமான், ஸ்டேப்ளர், திருப்புளி, ஒரு லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று கிலோ வரும். ஆக 8 முதல் 9 கிலோ. இது சாதாரண நாளின் சுமைதான். ஷாட்கன் சுடுகிறவருக்கு இன்னும் கூடும். 28 கிராம் ஈயம் உள்ள 12 போர் தோட்டா 25 கொண்ட பெட்டியில் ஈயம் மட்டுமே 700 கிராம், குழலும் அடைப்பும் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டி வந்துவிடும். நாலு பெட்டி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா சுடுகிறவர் தப்பித்தார், 500 தோட்டா இரண்டு கிலோவுக்கும் கீழே. 4.5 மி.மீ. பெல்லட் ஒன்று அரை கிராம்தான் என்பதால் ஏர் பிஸ்டல்காரர்களுக்குக் கீழே சொல்லும் பாதி விஷயம் தேவைப்படாது.

ஆனால் பை 9 கிலோவை மட்டும் தாங்கினால் போதாது. வண்டியிலிருந்து வெடுக்கென்று தூக்கும்போது கைப்பிடி வேரில் விழும் இழுப்பு அசையாச் சுமையைப் போல இரண்டு மடங்குக்குப் போகலாம். கனமெல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதை ஒற்றைப் பட்டையே வாங்கிக்கொள்ளும். ‘10 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தால், தொங்கவிட்டபடி பத்தா, தூக்கிப் போட்டாலும் பத்தா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. அதுவே ஒரு பதில்.

அடுத்து அந்த டீனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். என்ன இழை, எவ்வளவு நெருக்கமாக நெய்தது, பின்னால் என்ன பூச்சு என்று அந்த எண் சொல்லாது. நெருக்கி நெய்து நல்ல பூச்சுக் கொடுத்த 600 டீனியர் பாலியஸ்டர், தளர நெய்த 1000 டீனியரைவிட நாள்படும். 1680 டீனியர் ‘பாலிஸ்டிக்’ என்று ஒன்று விற்கிறார்கள். நைலான் துணிக்கு வந்த அந்தப் பெயரை இப்போது பாலியஸ்டருக்கும் ஒட்டிவிடுகிறார்கள். காங்கிரீட் தரையில் இழுபடும் பைக்கு நைலான் நல்லது. வெயிலில் கிடக்கும் பைக்குப் பாலியஸ்டர் நல்லது. இரண்டுமே போதும், இதற்குமேல் துணியில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பூச்சை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்பக்கத்தைப் புரட்டி, துணியை மடித்து, மடிப்பில் நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் உதிரக்கூடாது, விரலில் பிசுபிசுப்பு ஒட்டக்கூடாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றிலும் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்தால் சிதைந்து ஒட்டும் பசையாகிவிடும். புதுப் பையிலேயே அது ஒட்டுகிறது என்றால் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. உடனே திருப்பி அனுப்புங்கள், அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

இனிக் கைப்பிடி. பெரிய ஏமாற்று நடப்பது இங்கேதான். நல்ல பையில் கைப்பிடிப் பட்டை ஒரு பக்கத்தில் இறங்கி, அடிவழியாகப் போய், மறுபக்கம் ஏறி, வயிற்றைச் சுற்றி ஒரே வளையமாக இருக்கும். சுமை பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும், தையலின் வேலை பட்டையை நகராமல் பிடிப்பது மட்டும். மலிவுப் பையில் பட்டை பக்கச் சுவரில் ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கி அங்கேயே நின்றுவிடும். அப்போது முழுச் சுமையும் நூலிலும், ஊசி துளைத்த துணியிலும் விழுகிறது. தபால்தலைத் தாளில் துளை வரிசை எதற்கு இருக்கிறதோ, அந்த ஊசித் துளை வரிசையும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் பிய்ந்து வரும் கைப்பிடியின் நுனியில் ஒரு கீற்றுத் துணியும் கூடவே வருகிறது.

இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இப்போது புதிய தந்திரம் ஒன்று செய்கிறார்கள். பட்டை வெளிப்பையின், அதாவது பக்கச் சுவரில் வெளியே தைத்த சின்னப் பையின், பின்னால் போய் மறையும். அடியில் தனியாக இரண்டு துண்டுப் பட்டை தைத்திருக்கும். படத்தில் பார்த்தால் ஒரே பட்டை சுற்றி வருவது போலத் தெரியும். வெளிப்பைக்குள் கையை விட்டுப் பின்சுவரைத் தடவுங்கள். பட்டையின் திண்டு மேலிருந்து கீழ்வரை விடாமல் விரலில் பட வேண்டும். நடுவில் மொழுமொழுவென்று ஆனால் அது துண்டுப் பட்டை.

பட்டை துணியில் சேரும் இடத்தில் சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும், அல்லது நெருக்கமான பார்டேக். ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் கட்டி போல இருக்குமே, அதேதான். சதுரத்தின் மூலைகளில் நூல் நுனி தொங்கினால் இயந்திரத்தைத் திருப்பி அடித்துப் பூட்டவில்லை என்று அர்த்தம், அங்கிருந்துதான் உருவ ஆரம்பிக்கும். மற்ற தையல்களில் 25 மி.மீ. நீளத்துக்கு ஏழு முதல் ஒன்பது குத்து போதும். அதற்கு ரொம்பக் குறைந்தால் வாய் பிளக்கும், ரொம்பக் கூடினால் மறுபடி தபால்தலைதான். தையலின் இரு பக்கத் துணியையும் கட்டைவிரல்களால் விலக்கிப் பாருங்கள். இடையில் நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால் இழுவிசை சரியாக வைக்கவில்லை. உள்ளே துணியின் வெட்டு ஓரம் பைண்டிங் நாடாவால் மூடியிருக்க வேண்டும். மூடாத ஓரம் பிசிறு விட்டு விட்டே தையல்வரை வந்துவிடும்.

பட்டை எந்தப் பிளாஸ்டிக் என்பதற்குச் சுலபமான சோதனை உண்டு. தோள்வாரின் உபரி நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழ் போக விரலால் அழுத்திவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் பட்டை வெயிலில் சீக்கிரம் பொடியும், உரசலுக்கும் நிற்காது. ‘நைலான் வெப்பிங்’ என்று எழுதி இதை அனுப்புகிறவர்கள் ஏராளம். வெட்டினால் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்ற பயம் இருந்தால், இந்தச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோள்வார்க் கொக்கியில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் எஃகு. மலிவுப் பையில் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் முலாம் பூசிய துத்தநாகக் கலவை வார்ப்பு. அது வளையாது, சுழலும் கழுத்தில் படக்கென்று உடையும். கொக்கி மாட்டும் டி வடிவ வளையத்தில் வெல்டிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பியை வளைத்து நுனிகளை முட்டவிட்ட வளையம் சுமையில் மெல்ல வாய் திறக்கும்.

அடுத்து ஜிப். எண் 5, 8, 10 என்பது மூடிய பல்வரிசையின் அகலம், ஏறக்குறைய மில்லிமீட்டரில். பெரிய வாய்க்கு 8க்குக் குறையக்கூடாது, 10 இருந்தால் நிம்மதி. வெளிப்பைகளுக்கு 5 போதும். இதிலும் ஒரு வித்தை உண்டு. இழுபிடியில் பெயர்பெற்ற கம்பெனியின் எழுத்து இருக்கும், ஜிப் வேறு யாருடையதோ. இழுபிடியைக் கழற்றி மாட்டுவது ஒரு நிமிட வேலை, அதனால் பல்லின் மேல் ஓடி ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரின் உடம்பிலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் கெடும்போது அநேகமாகக் கெடுவது பல் இல்லை, ரன்னர்தான். அதன் இரண்டு தகடுகளும் தேய்ந்து விரிந்துவிடும், ரன்னர் தாண்டிய பிறகு பின்னால் பல் பிளந்துகொள்ளும். பை நிறைந்து பிதுங்கும்போது இழுத்து மூடுவதும், மணலும் வெடிமருந்துக் கரியும் பல்லில் ஏறுவதும் இதைச் சீக்கிரமாக்கும். மூலைகளில் ஜிப் வட்டமாகத் திரும்ப வேண்டும். செங்கோணமாக மடங்கினால் முதலில் பிளப்பது அந்த இடம்தான்.

‘பூட்டக்கூடிய ஜிப்’ என்று கூடுதல் பணம் வாங்குவது தனிக் கூத்து. இரண்டு ரன்னரையும் சேர்த்துப் பூட்டலாம், உண்மைதான். ஆனால் சுருள் பல் ஜிப்பைப் பால்பாயிண்ட் பேனா முனையால் நடுவில் குத்திப் பிளந்துவிடலாம், பிறகு ரன்னர்களைச் சேர்த்தாற்போல் ஒருமுறை ஓட்டினால் தடயம்கூட இல்லாமல் மூடிக்கொள்ளும். துப்பாக்கிக்குப் பூட்டு வேண்டுமென்றால் அது பைக்குள் இருக்கும் கடினப் பெட்டியில் இருக்கட்டும். பை வாங்கும்போதே அந்தப் பெட்டியின் நீள அகலத்தை அளந்து கொண்டுபோங்கள். விளம்பரத்தில் போடும் அளவு பெரும்பாலும் வெளிப்பைகளையும் சேர்த்த அளவு, உள்ளே ஐந்தாறு சென்டிமீட்டர் குறையும்.

‘தண்ணீர் புகாது’ என்பதைத் தூறல் தாங்கும் என்று படித்துக்கொள்ளுங்கள். துணி புகவிடாமல் இருக்கலாம், ஊசித் துளைகளும் ஜிப்பும் விடும். கூடுதல் உறைகளை மாட்டிக்கொள்ள வெளியே வரிவரியாகத் தைத்திருக்கும் ‘மோலி’ பட்டைகளுக்கும் அளவு உண்டு. 25 மி.மீ. பட்டை, 25 மி.மீ. இடைவெளி, 38 மி.மீ.க்கு ஒரு தையல். இந்த அளவில் இல்லையென்றால் எந்த உறையும் ஒழுங்காக மாட்டாது, அழகுக்கு வைத்த பட்டைதான்.

உள்ளே இருக்கும் ஃபோம் பஞ்சு பற்றி விளம்பரம் எதுவும் சொல்லாது, ஆனால் துப்பாக்கியைக் கெடுப்பது அதுதான். ஸ்பாஞ்ச் போன்ற திறந்த துளை ஃபோம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் பைக்குள்ளேயே வைத்த துப்பாக்கியில் ஃபோம் பட்ட பக்கம் மட்டும் துரு படிவது இதனால்தான். உறையைத் திறந்து பார்க்க முடிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மூடிய துளை ஃபோம், உறிஞ்சினால் வேண்டாம். எந்த ஃபோமாக இருந்தாலும் பை கொண்டுபோகத்தான், சேமித்து வைக்க அல்ல.

உள்துணி துடைக்கக்கூடியதாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். ஈயத்தூள் இந்தப் பைகளில் கட்டாயம் சேரும், கறுப்புத் துணியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடையுங்கள், தட்டி உதறாதீர்கள். தின்பண்டமும் தண்ணீரும் இந்தப் பையிலேயே போக வேண்டாம், முன்னால் போட்ட கணக்கில் இருந்த தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பை வந்த நாளே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், சுமைச் சோதனை செய்துவிடுங்கள். எண்ணெய் நாற்றமோ அழுக்கோ பட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் சுடும் சாமான் எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒரு கிலோ. உங்கள் வழக்கச் சுமையைப் போல ஒன்றரை மடங்குக்குப் பாட்டில்களை அடுக்கி, ஒற்றைக் கைப்பிடியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். தொங்கவிடுமுன் கைப்பிடி வேர் நான்கையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், காலையில் மறுபடி எடுங்கள். ஊசித் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அந்தப் பை தேறாது. அதே சுமையோடு பெரிய ஜிப்பை இருபது தரம் மூலைவரை ஓட்டிப் பாருங்கள். அடியில் உள்ளங்கையால் அழுத்துங்கள். அட்டை என்றால் மடங்கி அப்படியே நிற்கும், பிளாஸ்டிக் தகடு திரும்பி நிமிரும். புகார் எழுதும்போது ‘தரம் சரியில்லை’ என்று எழுதினால் மழுப்புவார்கள். ‘இத்தனை கிலோவில், இந்த இடத்தில், தையல் இத்தனை மி.மீ. நகர்ந்தது’ என்று படத்தோடு எழுதினால் தட்டிக் கழிப்பது கஷ்டம். வாழ்நாள் உத்தரவாதம் என்றால் ‘தையல்’, ‘ஜிப்’ ஆகிய இரண்டு சொற்களும் அதில் இருக்கின்றனவா என்று வாங்குமுன்னே பாருங்கள். ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்ற வரிக்குள் இரண்டையும் அடக்கிவிடுவது வழக்கம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், துணியும் பூச்சும் நன்றாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கெட்டி ஊசி இயந்திரம் வைத்துப் பை, செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, 38 மி.மீ. நைலான் பட்டையை அடிவழியாகச் சுற்றி இரண்டு வளையமாகத் தைக்கச் சொல்லுங்கள். கெட்டி நைலான் நூல் அல்லது பாலியஸ்டர் நூல்தான் வேண்டும், பருத்தி நூல் வேண்டாம். பழைய கைப்பிடி பிய்ந்த ஓட்டையின் மேலேயே தைக்கவிடாதீர்கள், பின்னால் ஒரு துண்டு கெட்டித் துணி வைத்து, ஓட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தைக்க வேண்டும். பல் நன்றாக இருந்தால் ஜிப்புக்கு ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். அடியட்டைக்குப் பதில், காய் நறுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பலகையை அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்கிப் போடலாம். மூலையை வட்டமாக்காமல் போட்டால் அடுத்த ஓட்டை அங்கேதான் விழும்.