டாக்கேரியாவா, டெக்ஸ்-மெக்ஸ் உணவகமா?

ஹூஸ்டன், சான் அன்டோனியோ, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற ஊர்களில் தெருமுனை மெக்சிகன் கடைகளில் இரண்டு ரகம் அதிகம். ஒன்று டாக்கேரியா: கவுண்டரில் ஆர்டர் சொல்லி, டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்த டாக்கோவைக் காகிதத் தட்டில் வாங்கி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. மற்றது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸ் பாணி மெக்சிகன் உணவகம்: உட்கார்ந்ததுமே கூடை நிறைய சிப்ஸும் கிண்ணத்தில் சல்சா என்ற காரச் சட்னியும் வரும், பிறகு என்சிலாடா (டார்ட்டியாவைச் சுருட்டிக் குழம்பு ஊற்றியது), சோறு, மசித்த பீன்ஸ் மூன்றும் ஒரே தட்டில், "தட்டு சுடும், தொடாதீர்கள்" என்ற எச்சரிக்கையோடு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் என் ஓட்டு டாக்கேரியாவுக்கு, ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை டார்ட்டியா. நான் சொல்வதெல்லாம் டெக்சஸ், கலிஃபோர்னியா கடைகளை வைத்து. சிகாகோ, நியூயார்க் கடைகளுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். டாக்கேரியாவில் செலவு குறைவு, பத்து நிமிடத்தில் சாப்பாடு கையில். டெக்ஸ்-மெக்ஸில் பரிமாறுபவருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் சேரும், ஆனால் எட்டுப் பேர் குடும்பமாகப் போனால் மேசை கிடைக்கும், குழந்தை நாற்காலி இருக்கும். மார்கரிட்டா என்ற டெக்கீலா மதுபானம் வேண்டுமானால் டெக்ஸ்-மெக்ஸ்தான். அதைப் பனிக்கூழ் மாதிரி சுழற்றித் தரும் இயந்திரமே 1971இல் டல்லாஸ் உணவகம் ஒன்றில் பிறந்தது.

இனி டார்ட்டியா. மக்காச்சோளத்தை அதன் எடையில் சுமார் 1 சதவீதம் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைப்பார்கள். இப்படி ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர், அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு மேல்தோலைக் கரைக்கிறது, மாவுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. வெறும் சோள மாவில் மக்கி ரொட்டி தட்டியவர்களுக்கு ஓரம் விரிந்துபோகும் தொல்லை தெரியும். நிக்ஸ்டமால் மாவில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கடைகளில் இதற்கு மூன்று படிகள் உண்டு. சோளத்தைத் தாங்களே ஊறவைத்து அரைப்பவர்கள் மிகச் சிலர். மசேக்கா போன்ற உலர் மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையோடு அழுத்திச் சுடுபவர்கள் அடுத்த படி. பாக்கெட் டார்ட்டியாவைப் பிரித்துச் சூடு காட்டிக் கொடுப்பவர்கள் கடைசி. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் மணத்தில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அதற்காக ஊர் தாண்டிப் போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் பெரிய பள்ளம். பாக்கெட்டில் வருவது பல நாள் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகப் பசை சேர்த்துச் செய்வது. மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கும், சோள மணம் இருக்காது.

கல் சூடு 230 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். முதல் பக்கம் சுமார் 20 நொடி, திருப்பிப் போட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, மறுபடி திருப்பினால் பூரி போல உப்பும். உப்பவில்லை என்றால் கல் ஆறிக் கிடக்கிறது, அல்லது மாவில் ஈரம் போதவில்லை. உருண்டையை விரலால் அழுத்தும்போது ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு கரண்டித் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். சுட்டதைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும். துணி இல்லாமல் தட்டில் அடுக்கினால் வறண்டு மடிப்பில் பிளக்கும். அலுமினியத் தாளில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து நொசநொசக்கும். தெரு டாக்கோவுக்கு இரண்டு சின்ன டார்ட்டியா அடுக்கித் தருவது சாறு இறங்கி ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கட்டும் என்றுதான்.

அதனால் கடைக்குள் போனதும் மெனுவைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். பக்கத்தில் மாவு உருண்டையும் இரும்பு அழுத்தியும் இருந்தால் உட்காரலாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வட்டமாக, பழுப்புப் புள்ளியே இல்லாமல் வந்தால் அது பாக்கெட். அப்படிப்பட்ட டாக்கேரியாவைவிட நல்ல டெக்ஸ்-மெக்ஸ் எவ்வளவோ மேல்.

ஏனென்றால் டெக்ஸ்-மெக்ஸ் சமையலில் டார்ட்டியா புதிதாக இருக்க வேண்டிய கட்டாயம் குறைவு. என்சிலாடாவுக்கு நேற்றையதே நல்லது: சூடான எண்ணெயில் சில நொடி முக்கி எடுத்தால் குழம்பு ஊறினாலும் கரையாது. புதியதைப் போட்டால் கூழாகிவிடும். மிஞ்சியதை முக்கோணமாக வெட்டிப் பொரித்தால் அதுதான் சிப்ஸ். மிஞ்சிய இட்லி உப்புமா ஆகிற அதே கணக்கு. கூடைச் சிப்ஸ் சூடாகவும் மொறுமொறுப்பாகவும் வந்தால் சமையலறை சுறுசுறுப்பாக இருக்கிறது. எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் மற்றப் பொரியலைத் தவிர்த்துவிடுங்கள்.

டெக்ஸ்-மெக்ஸில் சொல்லிச் சாப்பிட வேண்டியது பஹீட்டா, அதாவது டார்ட்டியாவோடு வரும் சுட்ட இறைச்சிக் கீற்று. ஃபாஹா என்றால் ஸ்பானிய மொழியில் இடுப்புப் பட்டை. மாட்டின் உதரவிதானப் பகுதியில் பட்டை போலக் கிடைக்கும் இறைச்சிக்கு வந்த பெயர். 1973இல் ஹூஸ்டனில் நின்ஃபா லொரென்சோ தொடங்கிய கடைதான் அதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது. நாரின் குறுக்கே மெலிதாக வெட்டியிருந்தால் மெல்லலாம். நாரோடு சேர்த்து நீளமாக வெட்டியிருந்தால் தாடை வலிக்கும். அந்தப் பெயரில் கோழியும் இறாலும் வருவது ஆங்கில அகராதியின் தாராளம்.

டாக்கேரியாவின் பெருமை அல் பஸ்தோர். லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா, பன்றி இறைச்சியாகவும் காய்ந்த மிளகாயும் அச்சியோட்டு என்ற சிவப்பு விதையும் சேர்ந்த மசாலாவாகவும் மாறியது. த்ரோம்போ என்ற செங்குத்துக் கம்பியில் சுழலும் இறைச்சியைத் தீ எரியும்போதே சீவித் தர வேண்டும். கூட்டமில்லாத மதிய நேரத்தில் தீயை அணைத்துவிட்டு, முன்பே சீவி வைத்ததைக் கல்லில் புரட்டித் தருவார்கள். ஓரக் கருகல் போய், வெந்த கறி மட்டும் மிஞ்சும். வெள்ளி, சனி இரவில் போவது பாதுகாப்பு. "கோன் தோதோ" என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்து.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் என் ஓட்டு மாறுகிறது. டாக்கேரியாவில் பெரும்பாலும் ஒரே கல். டார்ட்டியாவில் சீஸ் வைத்து மடித்த கெசடியா கேட்டாலும் முந்தைய கறியின் கொழுப்பு ஒட்டும். அசாடா, லெங்குவா, சுவதேரோ மூன்றும் மாடு. பிர்ரியா என்ற கறிக்குழம்பு மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டுக்கறி, அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் மாடு. பிர்ரியா டாக்கோவின் டார்ட்டியா சிவப்பாக இருப்பது அந்தக் குழம்பின் மேல் மிதக்கும் கொழுப்பில் முக்கியதால். டெக்ஸ்-மெக்ஸில் காய்கறி பஹீட்டாவுக்குத் தனி வாணலி கேட்க முடியும். ஆனால் அங்கும் பொறிகள் உண்டு. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சார்ரோ பீன்ஸில் பன்றி பேக்கன், சிவப்புச் சோற்றில் கோழிச் சாறு, சீஸ் என்சிலாடாவின் மேலேயே மாட்டுக்கறிக் குழம்பு. மைதா டார்ட்டியாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சோள டார்ட்டியாவில் வழக்கமாக இருக்காது.

கேட்கிற விதம் முக்கியம். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம், பலருக்குக் கார்னே என்பது மாடும் பன்றியும்தான். "சின் கார்னே, சின் போயோ, சின் மான்டேகா" என்று மூன்றையும் சொல்லுங்கள். சின் என்றால் இல்லாமல், போயோ கோழி, மான்டேகா பன்றிக் கொழுப்பு. நோபால் என்ற கள்ளித் தண்டு, காளான், ராஹாஸ் என்ற சுட்ட மிளகாய்க் கீற்று இருந்தால் கேளுங்கள். சில்லே ரெயேனோ என்ற, சீஸ் அடைத்துப் பொரித்த மிளகாய் பார்க்கச் சைவம், மேல்மாவில் முட்டை.

பானத்தில் டாக்கேரியாவுக்கே வெற்றி. தமரிந்தோ வெறும் புளித் தண்ணீரும் சர்க்கரையும்; பானகம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே வேண்டாம். ஹமைக்கா நம் புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தில் போடுவது. சல்சாவை நிறம் பார்த்து எடைபோடாதீர்கள், பச்சை சில நேரம் சிவப்பைவிடக் காரம். ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பார்சல் என்றால் யோசிக்காமல் டெக்ஸ்-மெக்ஸ். டாக்கோ பெட்டிக்குள் கால் மணி நேரத்தில் ஊறிப்போகும். என்சிலாடா அரை மணி தாங்கும், சூடு காட்டினாலும் கெடாது. டாக்கோதான் வேண்டும் என்றால் கறி, டார்ட்டியா, சல்சா மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, வீட்டில் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் டார்ட்டியாவைப் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் மெத்தென்று இருக்கும், ஆறும்போது தோல் மாதிரி விறைத்துவிடும்.