டேலியா, கிளவுடா: மொத்தக் கடைக் கணக்கு எங்கே இருக்கணும்?

ஒரே இடத்தில் நடக்கும் மளிகை மொத்தக் கடை. கவுன்டரில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே கணக்குப்பிள்ளைக்கு இன்னொன்று. இந்த அளவுக் கடை டேலிபிரைம் என்ற கணக்கு மென்பொருளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதா, ஜோஹோ புக்ஸ் போன்ற, நெட் வழியே ஓடும் கிளவுட் கணக்குக்குப் போவதா என்றால், நான் டேலி பக்கம்தான்.

பில் போடுவது, ஜிஎஸ்டிஆர்-1, 3பி ரிட்டர்ன், சரக்கை அனுப்பும்போது போடும் இ-வே பில் எல்லாம் இரண்டிலும் நடக்கும். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. நெட் போனால் டேலியில் சில்லறை பில் ஓடும். கிளவுடில் கவுன்டர் நின்றுவிடும். ஆனால் வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி, இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பில்லைப் பதிவது) கட்டாயமான கடை என்றால், ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு அந்தத் தளத்திலிருந்து ஐஆர்என் என்ற பதிவு எண் வாங்கியாகணும். அதற்கு நெட் இல்லாமல் முடியாது. அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது பழைய கணக்கு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கணும். 2024-25 கணக்குக்குக் கெடு 31-12-2025 என்றால், 2031 டிசம்பர் முடிய அது திறக்கும் நிலையில் இருக்கணும். நிரந்தர லைசென்ஸ் வாங்கிய டேலியில், டிஎஸ்எஸ் என்ற பராமரிப்புச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டால் புதுப் பதிப்பும் இணைப்பு வசதிகளும்தான் நிற்கும்; மென்பொருள் ஓடும், பழைய லெட்ஜர் திறக்கும். (வாடகை லைசென்ஸுக்கு இது பொருந்தாது. ஒரு கம்ப்யூட்டருக்கு சில்வர் லைசென்ஸ், இரண்டைக் கடைக்குள்ளேயே லேன் கம்பியில் இணைக்க கோல்டு.) கிளவுடில் சந்தா கட்டும்வரைதான் முழுக் கணக்கு கையில். வெளியே வந்தால் கிடைப்பது சிஎஸ்வி கோப்புகள், அதாவது வெறும் எழுத்துப் பட்டியல்கள்.

அந்த சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். தேயிலையின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டியின் சரக்குக் குறியீட்டு எண்) 0902 என்பது 902 ஆகியிருக்கும். 12/24 என்று பில் எண் வைத்திருந்தால் அது டிசம்பர் மாதத் தேதியாக மாறியிருக்கும். அப்படியே சேவ் செய்துவிட்டால் பழைய எண் திரும்ப வராது. டேட்டா மெனு வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து, அந்த எண்கள் உள்ள நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்தால் தப்பிக்கலாம். அப்படியும் எந்த ரசீது எந்த பில்லுக்கு வரவு என்ற கோர்வையை ஒவ்வொரு கோப்பாகத் தேடித்தான் சேர்க்கணும். நாலு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் அதிகாரி கேட்பது அந்தக் கோர்வையைத்தான்.

இதற்கு டேலி கேட்கும் விலை, பேக்கப். கிளவுடில் அது அவர்கள் வேலை. இங்கே நம் வேலை. இதைச் செய்யமாட்டேன் என்பவர் டேலி பக்கம் வரவே வேண்டாம்.

ஷட்டரைப் பாதி இறக்கியதும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் டேலியில் திறந்திருக்கும் 'கம்பெனி'யை (கடையின் கணக்கை) மூடிவிட்டு, ஆல்ட்+ஒய், பேக்கப், எங்கே என்று பாதை கொடுக்கணும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு போல்டர் வையுங்கள். ஒரே போல்டரில் மேலே மேலே எழுதினால், திங்களன்று கெட்ட டேட்டாவை வியாழனன்று கவனிக்கும்போது நல்ல பிரதி மிஞ்சியிருக்காது. பேக்கப் எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகணும். செருகியே விட்டால், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் அன்று அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப் கோப்பை கூகுள் டிரைவில் போடலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா போல்டரையே டிரைவோடு ஒத்திசைக்க விடக்கூடாது; டேலி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை டிரைவ் பாதியில் தூக்கினால் டேட்டா சிதைய வழி உண்டு.

மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள், வேறு போல்டரில். அதே போல்டரைக் கொடுத்தால் இன்றைய கணக்கின்மேல் பழையது ஏறிவிடும். திறந்த பிறகு கடைசி பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் ஒப்பிட்டால் போதும். புதுப் பதிப்புக்கு மாற்றிய டேட்டா பழைய பதிப்பில் திறக்காது; அதனால் பேக்கப்போடு அந்தப் பதிப்பின் செட்டப் கோப்பையும் வையுங்கள். சர்வர் கம்ப்யூட்டருக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ் அவசியம். வவுச்சர் சேவ் ஆகும் நொடியில் கரண்ட் போனால் டேட்டா கெட வழி உண்டு. கெட்டால் முதலில் இருப்பதை அப்படியே நகலெடுத்துவிட்டு, அதன்பிறகுதான் ரிப்பேர்.

கிளவுட் உண்மையாகவே மேல் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. ஆடிட்டருக்கு லாகின் கொடுத்தால் போதும். டேலியில் பேக்கப்பை அனுப்பினால் அவர் அங்கே ஜர்னல் (கணக்கைச் சரிக்கட்டும் பதிவு) போடுவார், கடையில் இங்கே பில் ஓடும், இரண்டு கணக்காகிவிடும். ஆடிட்டரிடம் ஜர்னல் பட்டியலை மட்டும் வாங்கிக் கடைக் கணக்கில் பதிவதுதான் சுலபமான வழி. இரண்டு ஊரில் கிளை, வெளியில் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன் என்றால் நானே கிளவுடைத்தான் சொல்வேன். அதற்காக டேலி கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) 3389 போர்ட்டை நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். ரான்சம்வேர் கும்பல் முதலில் தட்டும் கதவுகளில் அதுவும் ஒன்று. உற்பத்தி, ஜாப் ஒர்க் உள்ள இடங்களுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே எடுக்க வேண்டாம். நான் எடைபோட்டது கடைக் கணக்கை வைத்துத்தான்.

கடை பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்று. ஏப்ரல் 1, 2023 முதல் திருத்தச் சுவடு (எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம்) அழியாமல் பதிவாகும் மென்பொருள் கட்டாயம். டேலியில் எடிட் லாக் பதிப்பைத்தான் போடணும். தினசரி பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்கணும் என்பதும் விதி. பென் டிரைவ் மட்டும் அங்கே பற்றாது.

எந்தப் பக்கம் மாறினாலும் ஏப்ரல் 1-ல் மாறுங்கள். நடுவருடத்தில் மாறினால் ஜிஎஸ்டிஆர்-9 என்ற ஆண்டு ரிட்டர்ன் போட இரண்டு மென்பொருளின் கணக்கையும் கூட்டவேண்டி வரும். ஆரம்ப இருப்பை ஏற்றும்போது வாடிக்கையாளர் பாக்கியை மொத்தத் தொகையாகப் போடாமல் பில்வாரியாகப் போடுங்கள்; இல்லையென்றால் மே மாதம் வரும் செக்கை எந்த பில்லில் கழிப்பது என்று தெரியாது.