மியூசியத்திலிருந்து வந்த சட்டை: துணி பிரமாதம், தையல்தான் உதைக்கிறது

ஆண்கள் சட்டை மட்டும் தைக்கிற ஒரு சின்ன பிராண்டில் போன மாசம் 4,200 ரூபாய் கொடுத்து ஒரு கட்டம் போட்ட சட்டை வாங்கினேன். குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது: இந்தக் கட்டம் ஃபோர்ப்ஸ் வாட்சன் தொகுப்பில் உள்ள மெட்ராஸ் துணி ஒன்றைப் பார்த்து நெய்ததாம்.

அதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் நம் ஊர்த் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி 1866-ல் வெளியிட்டார். மொத்தம் 20 செட், அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. பிரிட்டனில் உள்ள மில்காரர்கள் இதைப் பார்த்து அதேபோல நெய்து இங்கேயே கொண்டுவந்து விற்கட்டும் என்பதுதான் கணக்கு. நம்மைக் காப்பியடிக்கப் போட்ட புத்தகத்தைப் பார்த்து நாமே திரும்ப நெய்கிறோம், இதற்காகவே முதல் நூறு ரூபாயைக் கொடுத்துவிடலாம்.

துணியில் குறையே இல்லை. கைத்தறி, பாவிலும் ஊடையிலும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும், சாயம் ஏற்றிய நூல் என்பதால் உள்பக்கம் வெளிப்பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது, சென்னை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கும் முதுகில் ஒட்டவில்லை. சிவப்பு மட்டும் முதல் அலசலில் கொஞ்சம் இறங்கியது. 1950களில் அமெரிக்காவில் இதே மெட்ராஸ் கட்டத்தைச் 'சாயம் போகும்' என்று சொல்லியே பெருமையாக விற்றார்கள், அதனால் மன்னித்துவிட்டேன். பனியன் தப்பித்தது.

சட்டையாகப் பார்த்தால்தான் சிக்கல். அந்தத் தொகுப்பில் உள்ள துணிகளில் பல கத்தரி படாமலே உடுத்தியவை, தலைப்பாகை, வேட்டி, சேலை என்று தறியிலிருந்து இறங்கினால் நேரே உடம்புக்குத்தான். அப்படிப்பட்ட பெரிய கட்டத்தை வெட்டிச் சட்டையாக்கினால் கோடு கோடோடு சேர வேண்டாமா? என் சட்டையில் பாக்கெட் கட்டம் அரை சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்கிறது, பட்டன் பட்டியில் சிவப்புக் கோடு வந்து நீலத்தில் முட்டுகிறது. மூன்றாவது காஜாவில் நூல் பிரிந்து தொங்குகிறது, காலரோ டை கட்டுகிறவனுக்குத் தைத்தது மாதிரி விறைப்பு. மியூசியம் துணியைத் தரும், வெட்டுத் தெரிந்த மாஸ்டரை பிராண்டுக்காரர்கள்தான் தேட வேண்டும்.

இன்னொன்று, அட்டையில் 1866 இருக்கிறது, மாதிரி எண் இருக்கிறது, இன்றைக்கு இதை நெய்தவர் எந்த ஊர் என்று ஒரு வரி இல்லை. கேட்டு மெயில் போட்டேன், தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்.

அதே துணியை மீட்டர் 900 ரூபாய்க்குத் தனியாகவும் விற்கிறார்கள். கட்டம் சேர்க்கக் கொஞ்சம் கூடுதலாக இரண்டரை மீட்டர் வாங்கி எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். தையல்கூலி 450, புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் புதன் என்றால் சனி.